அனுசரணைக் கண் டொக்ரர்

என்ர மனுசனுக்கு மாயாண்டி எண்டு பேர். புருசன்ர பேரை வாயால சொல்லக் கூடாது எண்டு சொல்லித்தான் அம்மா என்னை வளத்தவா. நான் சொல்லுவன். ஊர் அந்தப் பேரைச் சொல்லுற விதத்தைக் கேட்டுக் கேட்டு, நான் ஒருத்தியாவது ஒழுங்காச் சொல்லுவம் எண்டுதான் சொல்லுறனான்.

ஊர் எங்க பேர் சொல்லுது? தோட்டக்காட்டான் எண்டுதான் சொல்லுது. எழுபத்தேழுக் கலவரத்தில தாய் தேப்பனோட மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில இருந்து விசுவமடுவுக்கு ஓடி வரேக்க அவருக்கு ஏழு வயசு. இஞ்சதான் காடு வெட்டினவர், இஞ்சதான் கடைசிச் சண்டையில செல்லடிக்குள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர், செட்டிகுளத்து அகதி முகாமில எல்லாரோடயும் தண்ணிக்கு வரிசையில நிண்டு காய்ஞ்சவர். அங்க மட்டும் ஒருத்தரும் சாதி, ஊர் கேக்கேல்லை. வெளியில விட்ட அடுத்த கிழமையே கேக்கத் தொடங்கியிட்டுதுகள். என்ர சொந்தத் தமையன் ஜனார்த்தனன் இண்டைக்கும் அவருக்குக் கை குடுக்கமாட்டான். நான் வீடு வளவு தெரியாதவனைக் கட்டினனாம். எனக்குப் பத்தி எரியும். இந்த மனுசனுக்கு எரியாது. "விடு விமலா, அவங்கட குணம் அது" எண்டிட்டு லாண்ட்மாஸ்ரரை ஸ்ராட் பண்ணிக்கொண்டு போயிடுவார்.

அந்த லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின்தான் எங்கட சோறு. பின்னால பெட்டியைக் கொழுவி மண், கல், வைக்கோல், தென்னோலை எண்டு எதெண்டாலும் ஏத்துவார். தூரத்து ஹயருக்கு வழி தெரியாமல் அலையிறார் எண்டு எங்கட மகள் யதுர்ஷிகா ஒரு போன் வாங்கிக் குடுத்தவள். அவள் வவுனியாவில தையல் பக்ரரியில வேலை. வழி காட்டுற மேப்பைத் தமிழில மாத்தி, வாயால சொன்னாலே தேடுற மாதிரிச் செய்து குடுத்திட்டுப் போனவள். அண்டையில இருந்து வீட்டுக்குள்ள எனக்கு ஒரு சக்களத்தி.

அந்தக் குரல் இந்தியாக்காரியின்ர குரல். "என்ர அம்மா மாதிரியே பேசுறாள்" எண்டு மனுசனுக்கு ஒரே புளுகம், பெரிய சந்தோசம். இடது பக்கம் திரும்பவும், வலது பக்கம் திரும்பவும் எண்டு சொல்லுறதோட நிப்பாட்டினால் பரவாயில்லை. பரந்தன் சந்திக்குக் கிட்டப் போனால் காணும், "பசிக்கிறதா? அருகில் கொத்துரொட்டிக்கு இன்று விசேட விலைக்கழிவு" எண்டும். இவர் மெசினை நிப்பாட்டிப்போட்டு, "இல்லைப் பிள்ளை, இப்பதான் சாப்பிட்டனான்" எண்டு போனுக்கு மறுமொழி சொல்லுவார். ஒரு நாள் பெட்டியில இருந்த எனக்கு வெக்கமாப் போச்சு. "அது விளம்பரம், விசர் மனுசா. திரும்ப வேண்டிய இடத்தை மறைச்சுக்கொண்டு நிக்குது, பாருங்கோ" எண்டன். "பசிக்குதோ எண்டு கேட்டதுக்கு ஏன் பேசிறாய்? உன்ர கொண்ணன் ஒரு நாள் கேட்டிருப்பானே?" எண்டார். எனக்கு அந்தக் குரலைக் கேட்டாலே போனைத் தூக்கி வாய்க்காலுக்குள்ள எறியத்தான் மனம் வரும். அவர் அதைச் சட்டைப் பையில நெஞ்சுப் பக்கம் வச்சிருந்தவர்.

இந்த மாசியில எங்கட பள்ளக் காணிக்குள்ள தண்ணி வத்தேல்லை. வெட்டுற மெசின் இறங்காது. கையாலதான் அரிவி வெட்டினம். குனிஞ்சு நிமிரேக்க ஒரு நெல்லுத்தாள் அவற்ற வலக்கண்ணில கீறிப்போட்டுது. "ஒண்டுமில்லை, தூசி" எண்டு தண்ணியை அடிச்சுக் கழுவிப்போட்டு வெட்டினவர். விடியப் பாத்தால் கண் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவப்பு. பக்கத்து மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். அங்க இருந்த நேர்ஸ் அவா நல்ல மனுசி. கண்ணை விரிச்சுப் பாத்த உடனேயே, "இஞ்ச வச்சுக்கொண்டிருக்காதேங்கோ, இண்டைக்கே கண் டொக்ரரிட்டைக் காட்டுங்கோ" எண்டவா. 

பெரியாசுபத்திரிக்குப் போங்கோ எண்டு நான் சொன்னன். சொன்னதுக்குத் தெருவே சாட்சி. இவர் படலையடியில நிண்டுகொண்டு போனை வாய்க்குக் கிட்டப் பிடிச்சு, "கண் டொக்ரர்" எண்டார். போன் ரெண்டு மூண்டு இடம் காட்டிச்சுது. எல்லாத்துக்கும் மேல, கொட்டை எழுத்தில, கிளிநொச்சியில ஒரு கண் பராமரிப்பு நிலையம். அதுக்குப் பக்கத்தில சின்னனா ஒரு சொல்லு: அனுசரணை.

மனுசன்ர முகம் மலந்து போச்சு. அந்தச் சொல்லு அவருக்குத் தெரியாமல் போகுமே? எங்கட வீட்டுச் சுவரில கிடக்கிறது அந்தச் சொல்லுத்தான். ஆரோ ஒருத்தரின்ர அனுசரணையுடன் கட்டப்பட்டது எண்டு ஒரு பலகை. கிணத்தில ஒண்டு. கக்கூசில ஒண்டு. பள்ளிக்கூடம், நூல்நிலையம், விளையாட்டுப் போட்டி, திருவிழா அன்னதானம், எல்லாத்திலயும் அதுதான். இந்த வன்னியில அனுசரணை எண்டால் ஆரோ ஒரு புண்ணியவான் கண் காணாத தேசத்தில இருந்து காசு குடுத்து எங்களுக்குச் செய்யிறது. வேற என்ன கருத்து அதுக்கு?

"ஆரோ வெளிநாட்டில இருக்கிறவன் ஏழையளுக்கெண்டு கட்டிக் குடுத்திருக்கிறான் விமலா. அங்க போனால் இண்டைக்கே பாப்பினம். பெரியாசுபத்திரியில நிண்டு பேச்சு வாங்கேலாது" எண்டார். நானும் அந்தச் சொல்லை நம்பினன். அரிவி வெட்டுக்கு வந்த சனத்துக்கு உலை வைக்கவேணும், அவர் தனியத்தான் பஸ் ஏறினவர்.

பின்னேரம் வந்தார். அப்பா, அந்தச் சந்தோசத்தைப் பாக்கோணும்! முகத்தில ஒரு கறுப்புக் கண்ணாடி, கையில இன்னொரு வாசிக்கிற கண்ணாடி, ஒரு சின்னப் போத்தல் மருந்து. குளிரூட்டி போட்ட இடமாம். உள்ளுக்குப் போன உடனே தண்ணி குடுத்ததாம். கண் பாக்கிற மெசினில நாடியை ஊண்ட வச்சுப் பாத்தவையாம், அதுக்கு ஒரு சதமும் வாங்கேல்லையாம். "பாத்தியே, அனுசரணை எண்டால் அனுசரணைதான்" எண்டார். கண்ணாடிக்கு மட்டும் காசு வாங்கிப்போட்டாங்கள். உழுந்து வித்த காசு அப்பிடியே போச்சு. அதுவும் அரைவாசி விலையாம், மிச்சத்தை அந்தப் புண்ணியவான் போட்டிருப்பானாம்.

"டொக்ரர் என்ன சொன்னவர்?" எண்டு கேட்டன். டொக்ரர் எண்டு ஒருத்தரும் இல்லை, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பொம்பிளைப் பிள்ளைதான் பாத்தது எண்டார். எனக்கு அந்த நேரமே விளங்கியிட்டுது. கண்ணாடிக் கடை அது. கண் டொக்ரரைத் தேடினவனைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கு அந்தச் சனியன்.

மருந்து விட விட சிவப்புக் குறைஞ்சுது. "சுகம் வருது" எண்டு சொல்லிச் சொல்லி விட்டவர். பெரியாசுபத்திரிக்குப் போவம் எண்டு நான் கத்தினால், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லாண்ட்மாஸ்ரரில ஏறியிடுவார். பிறகு ஒரு நாள் விடிய எழும்பித் தலையைச் சுவரில முட்டினார். குத்து எண்டால் அப்பிடிக் குத்தாம். இமையை விரிச்சுப் பாத்தன். கறுப்பு விழிக்கு நடுவில, அவிச்ச மீன்கண் மாதிரி, வெள்ளையாக் கிடந்தது. ஐயோ எண்டு நான் போட்ட சத்தத்தில அயலெல்லாம் கூடியிட்டுது.

யதுர்ஷிகா லீவு போட்டிட்டு ஓடி வந்து பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போனவள். அங்க பேச்சுத்தான், பேசாமல் என்ன செய்வினம்? நெல்லுத்தாள் கீறின கண்ணுக்குப் பூஞ்சணம் பிடிக்குமாம். அந்தப் போத்தல் மருந்து வெளிச் சிவப்பை மாத்தி உள்ளுக்குப் பூஞ்சணத்தை வளத்து விட்டிருக்கு. "முதல் நாளே வந்திருந்தால் கண்ணைக் காப்பாத்தியிருப்பன். ஆர் உங்களை அங்க போகச் சொன்னது?" எண்டு டொக்ரர் கேட்டார். மனுசன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில நிண்ட ரெண்டு பேர் சிரிச்சவை. நாசமாப் போவார், எனக்கு மறக்காது அந்தச் சிரிப்பு.

வாட்டுக்கு வெளியில வச்சு மகள்தான் தேப்பனுக்கு விளங்கப்படுத்தினவள். "அப்பா, அது தருமமில்லை. அந்தக் கடைக்காரன் மேப்காரனுக்குக் காசு கட்டியிருக்கிறான், தன்னை முதல்ல காட்டச் சொல்லி. அதுக்குத்தான் அனுசரணை எண்டு போடுறவங்கள்." 

மனுசன் போனை எடுத்து அந்தச் சொல்லைத் திரும்பப் பாத்தார். பிறகு, "அப்ப எங்களுக்கு ஒருத்தரும் குடுக்கேல்லையோ?" எண்டு கேட்டார். பிள்ளை அழுதுபோட்டாள்.

கண்ணை எடுத்திட்டினம். மற்றக் கண்ணுக்கு ஒண்டுமில்லை. எண்டாலும் ஒரு கண்ணோட மெசின் ஓடுறது லேசே? வந்த முதல் கிழமையே ஜனார்த்தனன் அண்ணன்ர மதிலில இடிச்சுப்போட்டார். "தோட்டக்காட்டானுக்கு எதுக்குப் போன்?" எண்டு அவன் றோட்டில நிண்டு கத்தினான். அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஹயருக்குக் கூப்பிடுறேல்லை. லாண்ட்மாஸ்ரர் மாமரத்துக்குக் கீழ நிக்குது. அந்தப் போனுக்கு எண்டால் வெக்கம் சூடு சொரணை ஒண்டுமில்லை. கண் எண்டு தேடினதை நினைவு வச்சுக்கொண்டு, திறக்கிற நேரமெல்லாம் கண்ணாடி காட்டுது. ஒண்டு வாங்கினால் ஒண்டு இலவசமாம். கண்ணில்லாத மனுசனுக்கு!

போன கிழமை, மதியம் சாப்பிட்டிட்டு இருக்கேக்க அது கிணுங்கிச்சுது. அவர் என்னட்டை நீட்டினார், வாசிக்கச் சொல்லி. அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனனீங்கள்தானே, உங்கள் அனுபவம் எப்படி, நட்சத்திரம் போடுங்கோ எண்டு கிடந்தது. 

வந்துதே எனக்கு விசர்! "வாங்கோ, ஒண்டே ஒண்டு போடுவம். கண்ணைப் பிடுங்கின நாயள் எண்டு கீழ எழுதுவம். நாலு சனம் வாசிச்சுத் தப்பட்டும்" எண்டன். 

"அஞ்சும் போடு" எண்டார்.

"என்ன?"

"அஞ்சையும் போடு விமலா."

"உங்களுக்கு மண்டை பிழைச்சுப் போச்சே?" எண்டு கத்தினன். அவர் கத்தேல்லை. 

"அந்தப் பிள்ளை என்ர நாடியில கை வச்சு முகத்தை நிமித்தினவள். ரெண்டு கையாலயும் பிடிச்சவள். என்னைத் தொட அவளுக்குக் கை கூசேல்லை" எண்டார். 

நான் போனைக் குடுக்கமாட்டன் எண்டன். பறிச்சு, தானே அமத்தப் பாத்தார். ஒரு கண்ணுக்குத் தூரம் பிடிபடாது, விரல் பக்கத்தில பக்கத்தில போய் விழுந்தது. மூண்டு தரம் பிழைச்சுது. பிறகு என்ர விரலைப் பிடிச்சார். பிடிச்சுக் கடைசி நட்சத்திரத்தில வச்சு அமத்தினார். நான் இழுக்கேல்லை.

இப்ப அந்தக் கடையின்ர பேருக்குக் கீழ மாயாண்டி எண்ட பேரில அஞ்சு நட்சத்திரம் கிடக்குது. அதைப் பாத்து இன்னும் எத்தினை பேர் போவினமோ, எனக்குத் தெரியாது.