பேருந்து நிலையத்துக் குரல்

எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவள் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கண்ணாடி அறை. அதற்குள் ஒரு மின்விசிறி, ஒரு மைக். கல்யாணத்துக்கு முன்பே அந்த நாற்காலிக்கு வந்துவிட்டாள். வயதில் மூத்தவர்கள்கூட அவளை ‘அறிவிப்பு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் பணிமனையில் மெக்கானிக். ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள்.

நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. கடைக்காரர் மருந்தாளுநர் படிப்பை முறையாகப் படித்தவர். எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை ‘வேண்டாம்’ என்றே வருவதால், ‘வேண்டாம் அண்ணன்’ என்று பெயர் விழுந்துவிட்டது. சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டால் வேண்டாம். ஆவி பிடி, நிறையத் தண்ணீர் குடி, தானே போகும். இடுப்புவலிக்கு ஊசி போடச் சொன்னால் வேண்டாம். ஒத்தடம் கொடு, மெல்ல நட. இந்த மனுஷன் கடை வைத்ததே மருந்தை விற்காமல் இருக்கத்தான் என்று சிரிப்பார்கள். ஆனாலும் சின்ன உபாதை என்றால் கால்கள் தாமாக அங்கேதான் போகும். அக்காவும் மகளின் வயிற்றுப்போக்கு, கணவரின் தீப்புண், தன் பித்தவெடிப்பு எல்லாவற்றையும் அவர் பேச்சைக் கேட்டே சமாளித்தவள்.

அவளுக்குத் தொண்டை கட்டியபோதும் அவரிடம்தான் போனாள்.

“சூடு தண்ணியில உப்புப் போட்டுக் கொப்பளி. வீட்டுலயாவது வாயை மூடிக்கிட்டு இரு” என்றார். சப்பும் மாத்திரையும் கொஞ்சம் கொடுத்தார்.

“வீட்டுல நான் வாயை மூடினா அவருக்குத் திருவிழாதான்” என்று சிரித்துவிட்டு வந்தாள்.

கொப்பளித்தாள். சிலநாள் தேவலை போலிருந்தது, மறுபடி கரகரத்தது. மாத்திரை தீர்ந்து திரும்பவும் போனாள். அதற்கடுத்த தடவை அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை.

“வேண்டாம்மா. மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியிருந்தா அது என் கை வேலை இல்ல. தொண்டை டாக்டர் கண்ணால பாக்கணும்.”

“நாள் பூரா பேசிப் பொழைக்கிற தொண்டைண்ணே. கரகரக்காம என்ன செய்யும்? குடுக்க இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க, ஊருல வேற கடை இல்லாமலா போச்சு?”

விருட்டென்று வந்துவிட்டாள். லீவு போட்டால் நாற்காலி பறிபோகும் என்று கணவரிடம் சொன்னாள். உள்ளுக்குள் இருந்தது வேறு பயம். அதற்குப் பெயர் வைக்கக்கூட அவள் துணியவில்லை. அடுத்த தெருக் கடையில் கேட்டதெல்லாம் கேள்வியில்லாமல் கிடைத்தது.

ஆனால் வேண்டாம் அண்ணனிடமிருந்து அவளால் ஒளிய முடியவில்லை. அவள் குரல்தான் நாளெல்லாம் ஒலிபெருக்கி வழியாக அவர் கடைக்குள் வந்து கொண்டிருந்ததே! ஊர்ப்பெயரின் பாதியில் குரல் உடைவதையும், செருமிவிட்டு அவள் மறுபடி தொடங்குவதையும் அவர் கேட்டபடி இருந்தார். ஒருநாள் நடுப்பகலில், நின்றிருந்தவர்களை “செத்த இருங்க” என்று விட்டுவிட்டுச் சாலையைத் தாண்டி வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

“என் மேல கோவம்னா என்னைத் திட்டும்மா. அந்தக் கோவத்தைத் தொண்டை மேல காட்டாத.”

அவள் மைக்கை அணைத்தாள். பிறகு, “பெருசா ஏதாச்சும் இருக்குமோண்ணே?” என்றாள்.

“தெரியாது. எனக்குத் தெரியாததாலதான் போகச் சொல்றேன்.”

மறுநாள் கணவரோடு போனாள். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். குரல்நாணில் புற்று. ஆரம்பத்திலேயே வந்துவிட்டதால் குணமாக்கலாம் என்றார். பழைய குரலுக்கு மட்டும் உத்தரவாதம் தரவில்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சை பல வாரம் நடந்தது. எச்சில் விழுங்கினால்கூட நெருப்பு. பேசவே கூடாது என்று உத்தரவு. கணவர் கஞ்சியை ஆற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். அவர் நாளெல்லாம் எஞ்சினோடு பேசுபவர். மனிதர்களிடம் பேசத் தெரியாதவர். அந்த வாரங்களில் அவளுக்காகப் பணிமனைக் கதையெல்லாம் வலிந்து சொன்னார். நிறைமாதத்தில் இருந்த மகளால் வர முடியவில்லை. போனில் அவர்தான், “அம்மா நல்லா இருக்கா, பேசக் கூடாதாம்” என்று சொல்லிக் கொண்டிருந்தார்.

நோய் போய்விட்டது. குரலும் போனது, மிஞ்சியது காற்றில் உரசுகிற ஒரு கரகரப்பு. கண்ணாடி அறைக்கு வேறொரு பெண் வந்தாள். அக்காவுக்குச் சாமான் பாதுகாப்பு அறையில் வேலை கொடுத்தார்கள். முதல் சில நாள், தலைக்கு மேலே புதுக்குரல் ஒலித்தபோதெல்லாம் பெட்டிகளுக்கு நடுவே திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், போன் வந்ததும் அக்காவே எடுத்தாள்.

“குழந்தை எப்படி இருக்கா?”

“யாரு பேசறது? அம்மாகிட்ட குடுங்க” என்றாள் மகள்.

கணவர் போனை வாங்கக் கை நீட்டினார், அக்கா கொடுக்கவில்லை.

“அம்மாதான்டி பேசறேன்.”

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் பேசும்மா” என்றாள் மகள், அழுதுகொண்டே. “பேசிக்கிட்டே இரு. நான் பழகிக்கறேன்.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குழந்தை யார் ஜாடை, தலையில் முடி எவ்வளவு என்று அந்தக் கரகரத்த குரலிலேயே விசாரிக்க ஆரம்பித்தாள்.