ஒரு மணி நேரத்தில் கொச்சி

அன்று வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர்: என் மாமியார், என் வீட்டுக்காரர், வாடகைக் காரோடு வந்த டிரைவர், நான். கைபேசித் திரையில் என் ஓரகத்தி. அவளைச் சேர்க்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடப்பதில்லை.

கொழுந்தனாரோடு அவள் கொச்சியில் இருக்கிறாள். படித்தவள். நான் எட்டாவதோடு நின்று, பல்லடத்தில் இந்தத் தறிக்காரர் வீட்டுக்கு வந்தவள். அத்தையின் முழங்காலுக்குத் தினமும் தைலம் தேய்ப்பது நான். அவள் எப்போதாவது வந்து சிப்ஸ் பொட்டலத்தை நீட்டுவாள். அது தீரும்வரை அத்தை வாயில் சின்ன மருமகள் பேச்சுத்தான்.

அத்தை கொச்சிக்குப் போக விமான டிக்கெட் போட்டதும் அவள்தான். கோயமுத்தூரிலிருந்து இல்லை, சேலத்திலிருந்து. அங்கிருந்து மலிவாம். போட்ட அன்றே போனில் சொன்னாள்:

"ஏனுங்கக்கா, ஒரு மணி நேரந்தானுங்க. அத்தை கண்ணசந்து முழிக்கறதுக்குள்ள கொச்சி வந்துருமுங்க. புடிச்சுப்போச்சுன்னா இங்கயே இருந்துக்கட்டுமுங்க. கார் வாடகைய நான் போட்டுடறனுங்க."

இங்கேயே இருந்துக்கட்டும் என்றதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பல்லடத்திலிருந்து கொச்சிக்குக் காரிலேயே ஐந்து மணி நேரம்தான். நாங்களோ கொச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேலத்துக்கு மூன்று மணி நேரம் போக வேண்டும். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் அத்தை பறந்து, வந்த பக்கமே திரும்பிப் போக வேண்டும்.

"இதைக் கணக்குப் பாத்தீங்களாங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அவ படிச்சவ. பாக்காமயா போட்டிருப்பா?"

நான் எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெருந்துறை தாண்டியதும் அத்தைக்குக் குமட்டியது. எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தேன். அப்படியே என் மடியில் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஆதார் கார்டு பையில் இருக்கிறதா? மேலே போனால் காது அடைக்குமோ? அங்கே யார் தைலம் தேய்ப்பார்கள்? நன்றாகவே தேய்த்துவிட்டால்?

சேலத்து விமான நிலையம் எங்கள் ஊர் கல்யாண மண்டபம் அளவுதான் இருந்தது. டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. சக்கர நாற்காலியில் அத்தையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "வாரேன் கண்ணு" என்றவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. "ஒரே மணி நேரங்கண்ணு! சின்னவ என்னைய எப்படிக் கூட்டியாந்துட்டா பாரு!"

நான் மடி கொடுத்த மூன்று மணி நேரம் யார் கணக்கிலும் வரவில்லை.

மாதம் முடிவதற்குள் மறுபடியும் போன். "தறிச் சத்தமில்லாம எனக்குத் தூக்கமே வரமாட்டீங்குது கண்ணு. இந்த ஊட்டுல ஈ பறந்தாக்கூடக் கேக்குது. உம்புருசனை வரச்சொல்லு. பிளேனு வேண்டாம், ரயில்ல வாரேன்."

வந்த அன்று, தறி ஓடும் பக்கத்துச் சுவரோரம் கட்டிலில் படுத்து மத்தியானம் பூராவும் தூங்கினார். எழுந்ததும் பக்கத்து வீட்டம்மாவிடம் ஆரம்பித்தார்: "ஒரே மணி நேரம் அம்மணி, எஞ்சின்ன மருமக இருக்கறாளே..." நான் அவர் காலடியில் தைலப் புட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

கார் வாடகை இன்னும் வரவில்லை. ஞாபகப்படுத்தட்டுமா என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். கேட்டால் அடுத்த நிமிஷமே அனுப்பிவிடுவாள். அப்புறம் அவளைக் குறை சொல்ல என் கையில் என்ன இருக்கும்? வெறும் நாலாயிரத்து இருநூறு ரூபாய்தான்.