முன்பல்லில் ஒரு கோடு

என் பெரிய மகளுக்கு முதல் பால் பல் விழுந்தபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் அப்பா பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துகொண்டிருந்தார். நான் அவள் வாயைத் திறக்கச் சொல்லி ஈறைத் தடவிப் பார்த்தேன். வரப்போகும் புதுப் பல் எப்படி இருக்கும் என்பதுதான் என் பயம்.

என் பல்லைப் பார்த்தவர்கள் ஏன் இந்தப் பயம் என்று கேட்கமாட்டார்கள். பென்னாகரம் பக்கத்தில் பிறந்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். முன்பற்கள் முழுக்கப் பழுப்புக் கறை. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தண்ணீரில் இருக்கும் புளோரைடு செய்கிற வேலை அது. கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலை கேட்டுப் போனேன். நான் ஊர்ப் பேரே சொல்லவில்லை, சும்மா சிரித்தேன். “தர்மபுரி பக்கமா?” என்றாள் முதலாளியம்மா. அன்றிலிருந்து வாயை மூடிச் சிரிக்கப் பழகினேன். கல்யாண போட்டோவில் யாரோ மிரட்டி உட்காரவைத்ததைப் போல இருப்பேன்.

பல்லாவது தொலையட்டும். என் அப்பாவுக்கு அந்தப் புளோரைடு எலும்பிலேயே இறங்கிவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் யாரென்று பார்ப்பார். சாகும்வரை அப்படித்தான் பார்த்தார்.

பெரியவள் வயிற்றில் இருந்தபோது ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் வந்தது. டேங்க் கட்டி, தெருவுக்குத் தெரு குழாய் போட்டார்கள். நான் வீட்டில் சட்டமே போட்டுவிட்டேன்: பிள்ளை வாயில் போர் தண்ணீர் ஒரு சொட்டுப் படக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு ஆற்றுத் தண்ணீர் ஆகாது. “சப்புன்னு கெடக்குது, டீயில ருசியே இல்ல” என்று முனகிக்கொண்டே கைபம்பில் ஒரு குடம் போர் தண்ணீர் அடித்து வருவார்.

“ஒங்க பல்லுதான் நாசமாப் போச்சே, நீங்களே குடிச்சுக்கங்க. எம்புள்ளைக்கு வேணாம்” என்று அந்தக் குடத்தை மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன்.

பிள்ளைக்குக் குழாய்த் தண்ணீர்தான். அதையும் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தேன். அவள் பால் பற்கள் வெள்ளைவெளேரென்று முளைத்தன. பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

புது முன்பல் எட்டிப்பார்த்த அன்று அவளை வாசல் வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். பல்லின் குறுக்கே சுண்ணாம்பு தடவினாற்போல் மெல்லிய வெள்ளைக் கோடுகள். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதலில் கோடு விழும். கறை பிறகு ஏறும்.

அன்று வீட்டில் ரகளைதான். “ஏங்க, நீங்கதானே அந்தக் கொடத்துத் தண்ணியக் குடுத்தீங்க?”

“புள்ள மேல சத்தியமா இல்லடி!” என்றார். நான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், “எம்புள்ள ஒங்க வூட்டுக்கு வந்தா தண்ணி குடுக்காதீங்க” என்றேன். அதோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

புதுக் குடிநீர்த் திட்டம் போடுவதற்காக அதிகாரிகள் ஊருக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். பள்ளிக்கூடத்தில் கூட்டம். பெரிய குழாய் எந்த வழியாக வரும், புது டேங்க் எங்கே என்று ஒரு இன்ஜினீயர் அம்மா மேப்பை விரித்துச் சொன்னார். பிறகு ஊரில் தண்ணீர் விடுகிறவரைக் கூப்பிட்டார். அவர் ஊருக்கே செல்லப்பிள்ளை. காய்ச்சலில் கிடந்தாலும் காலையில் குழாயைத் திறந்துவிடுகிற மனிதர்.

“ஆத்துத் தண்ணி தெனமும் வருதுங்களா?”

“எங்கீங்க மேடம்! நாங்க கடைக்கோடி. வராத நாள்தான் ஜாஸ்திங்க.”

“வராத நாள்ல?”

“போர் மோட்டாரப் போட்டு டேங்க ரொப்பிருவேங்க. இருக்கற ஆத்துத் தண்ணியோட கலந்துக்கும். ஒருநாளும் கொழாயக் காய விட்டதில்லீங்க.”

“எங்கண்ணன் தங்கமுங்க!” என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

“எப்ப இருந்து இப்படி?” என்று கேட்டார் இன்ஜினீயர் அம்மா.

“டேங்க் கட்டுன நாள்ல இருந்துங்க.”

எழுந்து நின்றேன். “நான் கொதிக்க வெச்சுத்தாங்க குடுத்தேன்” என்றேன். கேள்வி கேட்க எழுந்தவளுக்கு அதுதான் வாயில் வந்தது.

இன்ஜினீயர் அம்மா என் பக்கம் திரும்பினார். “கொதிக்க வெச்சா கிருமி சாகும்மா. புளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்.” பால் பல்லில் இது அவ்வளவாகத் தெரியாது, ஈறுக்குள் சின்ன வயதிலேயே உருவாகிற பெரிய பற்களைத்தான் பிடிக்கும் என்றும் சொன்னார்.

அடப்பாவிகளா என்று அலற வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்து அலறுவது? “போர் மோட்டார இன்னைக்கே நிறுத்துங்க” என்றேன்.

“புதுத் தண்ணி எப்பங்க வரும்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். வேலை முடிய வருஷக்கணக்கில் ஆகும் என்றார் இன்ஜினீயர் அம்மா.

“அதுவரைக்கும் கொழாயில காத்து வந்தா, இந்தம்மா வந்து வூடு வூடா ஊத்துமா?” ஒரே சிரிப்பு. மோட்டாரை நிறுத்தலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். நான் தூக்கினேன். என் வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கியது நான் மட்டும்தான்.

அன்று சாயங்காலம் கேன் தண்ணீர் கேட்டுக் கடைக்குப் போனேன். எங்கே பிடித்த தண்ணீர் என்று கேட்டேன். “இங்கதான், ஒரு போர்ல” என்றான் கடைக்காரன். வெறுங்கையோடு திரும்பினேன்.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் பீறிட்டு வந்தது. குடத்தில் பிடித்து உற்றுப் பார்த்தேன். அவ்வளவு தெளிவு, எது ஆறு, எது போர் என்று கடவுளாலும் சொல்ல முடியாது. என் சின்னவளுக்கு அப்போது இரண்டு வயது. வாசலில் ஓடி விளையாடிவிட்டு வியர்வையோடு வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“ம்மா, தண்ணி.”

வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. டம்ளரில் மொண்டு கொடுத்தேன். மடக்மடக்கென்று குடித்துவிட்டு, இன்னும் வேண்டுமென்று டம்ளரை நீட்டினாள்.