டொக்டர் ஞானச்சந்திரன் ஒட்டிய இரண்டு பற்கள்

மார்ச் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். சுன்னாகத்தில் பல் வைத்தியர் ஞானச்சந்திரனிடம் போவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு வைத்த இடப்பக்கப் பல்லின் அடியில் ஈறு, நாங்கள் சொல்லும் முரசு, வீங்கியிருந்தது. தொலைபேசியில் அவருடைய தாதி, "ஐயா, இண்டைக்கு வராதேங்கோ" என்றார். "அப்ப எந்தத் திகதி வர?" என்று கேட்டேன். "டொக்டர் விடியப்புறம் மோசம் போயிட்டார் ஐயா" என்று அழுதார். திகதி கேட்டதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தவனுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய துணைவியார் கேட்டார். எழுத உட்கார்ந்தால் ஒரு விடயம் விளங்காமல் குறுக்கே நிற்கிறது. அவரை அறிந்த உங்களிடமே அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒக்ரோபர் பதினேழாம் திகதி. தாடையெலும்பில் அவர் பதித்த இரண்டு திருகாணிகளும் ஊன்றிய பின், அவற்றின்மேல் பல்லுறைகளை ஒட்டுவதற்காக என்னை அழைத்திருந்தார். சீமெந்து இரண்டு வகை என்றார். ஒன்று மெல்லப் பிடிப்பது. உள்ளே பழுது வந்தால் உறையைத் தட்டிக் கழற்றலாம். மற்றது இறுக்கிப் பிடிப்பது. கழற்றவேண்டி வந்தால் உறையை வெட்டத்தான் வேண்டும். மெல்லப் பிடிப்பதே எனக்கு உகந்தது என்பது அவர் கருத்து. நான் உடன்படவில்லை. அளவெட்டியில் எங்கள் கோயிலில் புராணம் படிப்பவன் நான். நான் பாட்டைப் படிக்க, பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்வார்.

"படிக்கேக்கை பல்லுக் கழண்டு புத்தகத்திலை விழுந்தால் என்ன செய்யிறது டொக்டர்?"

"பக்கத்திலை இருந்து பயன் சொல்லுறவர் அதுக்கும் ஒரு பயன் சொல்லுவார் ஐயா."

"பகிடி விடாதேங்கோ. இறுக்கிறதையே வையுங்கோ."

"ஓம், ஓம். இறுக்கிறதுதான்."

அன்று மாலையே அதை நாட்குறிப்பில் எழுதினேன்.

ஒட்டும்போது அவர் காட்டிய பொறுமையை மறக்கமுடியாது. திருகாணியின்மேல் நிற்கும் சிறு தூணைப் போலவே ஒரு மாதிரியை முன்கூட்டியே செய்து வைத்திருந்தார். சீமெந்து பூசிய உறையை முதலில் அந்த மாதிரியில் அழுத்தி, வழிந்ததைத் துடைத்த பின்னரே என் வாயில் வைத்தார். "மிச்சம் வெளியிலை வழியட்டும் ஐயா. முரசுக்குள்ளை போனால் சத்தமில்லாமல் எலும்பைத் தின்னும்" என்றார்.

அவர் மறைந்து பதினாறாம் நாள், மார்ச் இருபத்தாறாம் திகதி, வீக்கம் தாங்காமல் யாழ்ப்பாணத்தில் வேறொரு வைத்தியரிடம் போனேன். இளம் பெண். எந்தச் சீமெந்து என்று கேட்டார். நாட்குறிப்பைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. "இறுக்கிறதெண்டால் உறையை வெட்டவேணும் ஐயா. வெட்டேக்கை உள்ளுக்குப் பழுதானால் திருகாணியும் சிலவேளை போயிடும். எதுக்கும் முதல் தட்டிப் பாப்பம்" என்றார். மூன்றாவது தட்டில் உறை முழுதாகக் கழன்றது. அடியில் தூண் இளகியிருந்தது. அதை இறுக்கினார், என் பல் தப்பியது.

"உது மெல்லப் பிடிக்கிற சீமெந்து ஐயா."

"இல்லைப் பிள்ளை. என்ரை டயறியிலை வடிவாய் எழுதியிருக்கு."

"டயறியிலை இருக்கலாம். பல்லிலை இல்லை."

அன்றிலிருந்து குழம்பிக்கொண்டிருக்கிறேன். அவர் என்னை ஏமாற்றினாரா? கை தவறி மாற்றி எடுத்தாரா? அந்தப் பல்லோடு இரண்டு ஆண்டும் புராணம் படித்து முடித்தேன். ஓர் எழுத்தும் வழுக்கவில்லை. ஏமாற்றியிருந்தால் கோபப்படவேண்டும். ஆனால் நான் கேட்டதையே அவர் செய்திருந்தால் இன்று பல்லே இருந்திராது. துணைவியாரிடம் கேட்டேன். "எனக்கும் அப்பிடித்தான் அண்ணை. ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டுத் தான் நினைச்சதைத்தான் செய்வார்" என்றார். சிரித்தாரா அழுதாரா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

"மற்றதையும் தட்டிப் பாப்பமோ ஐயா?" என்று அன்று இளம் வைத்தியர் வலப்பக்கப் பல்லைக் காட்டிக் கேட்டார். வேண்டாம் என்றேன். பிழையான பதிவை அறிந்துகொண்டே திருத்தாமல் விட்டது என் வாழ்நாளில் இதுவே முதல் தடவை. ஒக்ரோபர் பதினேழு, "இறுக்கிப் பிடிப்பது" என்றே நாட்குறிப்பில் இருக்கிறது. வலப்பக்கப் பல் இருந்த இடத்தில் இருக்கிறது. அது எதனால் நிற்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் போய்விட்டார். தெரியாமலே அதை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தாலேயே சாப்பிடுகிறேன்.