குடிலுக்கு மேலே பறந்த ஏரோப்ளேன்

முன்பெல்லாம் எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் குடிலில் ஏரோப்ளேன் உண்டு. புதிதாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மாட்டுத்தொழுவம், மேய்ப்பர்கள், மூன்று ராஜாக்கள், ராஜாக்களுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை லோரி, கண்ணாடித் துண்டை ஏரியாக்கி அதில் இரண்டு வாத்து, எல்லாவற்றுக்கும் மேலே நூலில் தொங்கும் ஒரு பிளேன். தேயிலை எஸ்டேட் லயத்தில் குடில் என்றால் அப்படித்தான். வீட்டில் இருக்கும் நல்ல பொருளெல்லாம் பாலன் இயேசுவைப் பார்க்க வந்துவிடும். பெத்லகேமில் ஏது ஏரோப்ளேன் என்று யாராவது கேட்டால், லோரி மட்டும் இருந்ததா என்று அம்மா திருப்பிக் கேட்பார். கேட்டவர் கேக்கை எடுத்துக்கொள்வார்.

அந்தப் பிளேன் என் அண்ணன் செய்தது. படிவம் இரண்டில் படிக்கும்போது பள்ளியில் பரிசாக வந்த பெட்டி. உள்ளே உலகப் போர்க்காலத்துச் சண்டை விமானம் ஒன்று துண்டு துண்டாக இருந்தது. பசை வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. அண்ணன் அந்த லீவு முழுக்க அதிலேயே கிடந்தார். கடைசியில் சில்வர் பெயிண்ட் அடித்து, உள்ளே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார பைலட்டுக்குக் கறுப்பு முகமும் மீசையும் வைத்துவிட்டார். துப்பாக்கியோடு பாலன் தலைக்கு மேல் பறக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால் இறக்கையில் இருந்த துப்பாக்கிக் குழல்களை மட்டும் பிளேடால் அறுத்தார்.

அதை உடைத்தவன் நான். பதினோரு வருஷத்துக்கு முன், கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மத்தியானம். அண்ணன் அப்போது எங்கள் மலையின் மறுகோடியில் இருக்கும் கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்குப் போய், அங்கே ஒரு ஜெப வீட்டில் சேர்ந்திருந்தார். சிலைகள் கூடாது என்பது அவர்கள் போதனை. அவர் ஹாலுக்குள் வந்தார், குடிலைப் பார்த்தார், இதெல்லாம் மண் பொம்மை, இதுக்கு முன்னாடி முட்டி போடறது பாவம் என்று அம்மா காதுபடவே சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அப்ப உன் பிளேனையும் எடுத்துக்கிட்டுப் போ" என்று நூலை அறுத்து எறிந்தேன். அது சுவரில் அடித்துச் சிதறியது. அண்ணன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூட மறுநாள் சரியாகியிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. கல்யாண வீடுகளில் தலையை ஆட்டிக்கொள்வோம். அம்மாவின் அடக்கத்தில் குழிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவ்வளவுதான்.

போன செப்டம்பரில் என் மனைவிக்கு அண்ணியிடமிருந்து சேதி வந்தது. புது வருஷம் பிறந்ததும் அவர்கள் ஜொகூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார்களாம். சேதியைச் சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய், தேயிலை அடைத்து வரும் வெள்ளித்தாள் பை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள். பிளேன். அன்றைக்குக் கூட்டி அள்ளியதை இத்தனை வருஷமும் வைத்திருக்கிறாள்.

"பிட்டர்னு பேருதான். தேயிலை மெஷினை மட்டுந்தான் முடுக்கத் தெரியுமா?" என்றாள்.

தேயிலை பேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் நான். அன்றே உட்கார்ந்துவிட்டேன். என் கணக்கு எளிமையானது. பிளேனைப் புதுசு போலாக்கி அண்ணன் கையில் கொடுத்துவிட்டால், அவர் இந்த மலையை விட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது வீட்டுக்கு வருவார். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் வாயால் சொல்ல வேண்டியிருக்காது. அதைப் பிளேன் சொல்லிக்கொள்ளும்.

பழைய பெயிண்டை எடுக்க பிரேக் எண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டேன். சில்வர் பெயிண்ட் பால் ஆடை மாதிரி உரிந்து வந்தது. பைலட்டை மட்டும் முன்பே நெம்பி எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன், அவர் மீசையில் கை வைக்க மனசு வரவில்லை. உடம்பும் இறக்கையும் சேரும் இடத்தில் விரிசல். அதில் சூப்பர் கம் விட்டு மேலே ஆப்பசோடாவைத் தூவினால் கல்லாக இறுகிவிடும், பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். தேயிலைப் பையின் வெள்ளித்தாளைக் கீறி பைலட்டுக்கு இடுப்புவார் செய்தேன். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தால் தலைமுடி கனத்தில் நீளும். அதை முதுகிலிருந்து வாலுக்குக் கட்டி ரேடியோக் கம்பி ஆக்கினேன்.

பைலட் தலைக்கு மேல் இருந்த கண்ணாடி மூடி மட்டும் தூளாகிப் போயிருந்தது. அதற்குத்தான் கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரியின் பிளாஸ்டிக் டப்பா. பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டையில் மூடியின் வடிவத்தைச் செதுக்கி, டப்பாவின் மூடியை அடுப்பில் காட்டி இளக்கி, கட்டையின் மேல் அழுத்தி இழுத்தேன். முதல் டப்பா கருகியது. இரண்டாவது சுருங்கியது. ஒன்பதாவதுதான் கண்ணாடி போல் வந்தது. ஒன்பது டப்பா ஸ்ட்ராபெரியையும் வீட்டில்தான் தின்றோம். இன்னும் ஒரு பழத்தைக் காட்டினால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள் மனைவி.

போனில் மாதிரி விமானம் செய்கிறவர்கள் குழு ஒன்றில் படம் போட்டேன். வேலை சுத்தம், ஆனால் துப்பாக்கி எங்கே என்று கேட்டார்கள். அம்மா வேண்டாமென்றார் என்று எழுதினேன்.

டிசம்பர் பிறந்தது. சில்வர் பெயிண்ட் அடித்தேன். மழையும் மூடுபனியும் விடவில்லை. நான்கு நாளாகியும் பெயிண்ட் விரலில் ஒட்டியது, ஓரமெல்லாம் வெளுத்துப் பூத்தது. இருபத்தாறு வருஷமாகத் தேயிலையைக் காய வைக்கிற பேக்டரியில் வேலை பார்க்கிறவன் நான். ஈரத்தை எப்படி விரட்டுவதென்று எனக்கா தெரியாது? பிளேனை எடுத்துப்போய் டிரையரின் தகரக் கூரை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. இடது இறக்கை வாடிய வாழையிலை போல் தொங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் தடவை கோபத்தில் உடைத்தேன், இந்தத் தடவை அவசரத்தில். இரண்டும் ஒரே புத்திதான்.

இதை நிமிர்த்தத் தெரிந்த ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார். மறுநாள் பிளேனை அட்டைப்பெட்டியில் வைத்து எங்கள் ஊர் ரிங்லெட்டிலிருந்து கிளம்பினேன். பள்ளி விடுமுறை. கியா பார்மில் சுற்றுலா வந்த காடிகளும் பஸ்களும் நகரவே இல்லை. அந்த நெரிசலில் இரண்டு தடவை வண்டியைத் திருப்பப் பார்த்தேன். திருப்ப இடமில்லாததால்தான் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

கம்போங் ராஜா தோட்டக் கொட்டகையில் அண்ணன் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னா தம்பி, யாருக்கு என்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணே. இதுக்குத்தான் வந்தேன்." பெட்டியைத் திறந்தேன்.

கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளேனைத் தூக்கினார். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியின் மேல் விரலை வைத்து உள்ளே இருந்த பைலட்டைப் பார்த்தார்.

"கண்ணாடி எங்க வாங்குன?"

"ஸ்ட்ராபெரி டப்பாண்ணே."

"இறக்கை?"

"சீக்கிரம் காயட்டும்னு டிரையர் மேல வச்சேன்."

"பிளாஸ்டிக்கையா? நீ பிட்டர்தானேலா?" என்று சிரித்துவிட்டார். பதினோரு வருஷம் கழித்து அவர் என்னைக் கிண்டல் செய்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"இது பெட்டியிலேருந்து வரும்போதே கோணல்தான். சுடுதண்ணியிலதான் நிமித்துனேன்" என்று சொல்லிக்கொண்டே கெத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தார். அதை ஒரு பேசினில் ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டு, இறக்கையை அமிழ்த்தினார். எடுத்து மெதுவாக நிமிர்த்தினார். "நீ அந்த முனையைப் பிடி. இறுகுற வரைக்கும் விடாத."

விட்டுவிட்டு நகர முடியாது, வேறு பக்கம் திரும்பவும் முடியாது. அவர் முகம் எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அங்கேதான் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் செஞ்சது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிரு."

அவர் இறக்கையைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் நம்புறது தப்பில்ல தம்பி. ஆனா கிறிஸ்மஸும் அதுவுமா அம்மா மனசு நோக அதைச் சொன்னது தப்பு. அவங்க இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கணும்."

இரண்டு பேரும் அழுதோம். கை இரண்டும் பிளேனில் இருந்ததால் மூக்கைத் துடைக்கக்கூட முடியவில்லை.

இறக்கை இறுகியதும் பச்சைத் தண்ணீரில் நனைத்து எடுத்தார். நிமிர்ந்துவிட்டது. "இறக்கையில கலர் பட்டை ஒட்டற வேலை பாக்கி இருக்கு. நான் ஒட்டிக்கிறேன். இனிமே இதை உன் கையில குடுக்க மாட்டேன்" என்று தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வாண்ணே" என்றேன்.

"குடில் இருக்குமா?"

இந்த வருஷம் வைக்கவில்லை என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. "இருக்கும்ணே" என்றேன்.

தலையை ஆட்டினார். ஒரு தக்காளிப் பெட்டியை எடுத்து அடுக்கினார், இன்னொன்றையும் அடுக்கினார். அப்புறம் கேட்டார்: "பின்வாசல் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அந்தப் பக்கமா வர்றேன். சமையக்கட்டுல எனக்கு ஒரு நாற்காலி போடு."

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்கதவுக்குப் போனேன். காலியான கேஸ் தோங், வெங்காய மூட்டை, ஓடாத வாஷிங் மெஷின் எல்லாம் அதை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக இழுத்தேன்.

"ஏங்க, எதுக்கு இதெல்லாம் நகத்துறீங்க?" என்றாள் மனைவி.

"ஹால்ல குடில் இருக்குல்ல, அண்ணன் இந்தப் பக்கமா வர்றாராம். சமையக்கட்டுல உக்காருவாராம்."

அவள் அடுப்பை அணைத்தாள். ஹாலுக்குப் போய், விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் நல்ல நாற்காலியைத் தூக்கிவந்து பின்கதவுக்கு எதிரே போட்டாள். துணியை நனைத்து அதைத் துடைக்க ஆரம்பித்தாள். கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.