ஹவுஸ்புல் கச்சேரிக்கு ஒரே ரசிகன்

ஒரு கச்சேரியின் டிக்கெட் மொத்தத்தையும் ஒரே காலையில் விற்றுத் தீர்த்த மாவீரன் எழுதுகிறேன்.

என் வீட்டுச் சுவரை ஒட்டியிருக்கும் இசைப் பள்ளியை மூடப்போவதாகச் சொன்னார்கள். அதைக் காப்பாற்ற ஞாயிறு மாலை பிள்ளைகளின் கச்சேரி. எங்கள் மலையூர்க் கடைவீதியான ஒண்டிக்கடையில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன்.

மளிகைக்கடை பாய் மறுபேச்சில்லாமல் நாலு டிக்கெட் வாங்கினார்.

"குடும்பத்தோட வந்துருங்க பாய்."

"ஏனுங்க, ஞாயித்துக்கிழம டூரிஸ்ட் கூட்டத்துல கடையப் பூட்ட முடியுங்களா? காசு பள்ளிக்கூடத்துக்குங்க. பாட்ட நீங்களே கேட்டுக்கங்க."

எல்லாக் கடையிலும் இதே பதில். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்த மேதையும் நான்தான்.

"ஆமா, உங்க ஊட்ல யாருங்க அங்க படிக்கறாங்க?" என்றார் பாய்.

"இசையுலகமே என் பிள்ளைதானுங்க பாய்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

உண்மையில், பொழுது சாய்ந்தபின் என் வீட்டில் கேட்கும் ஒரே மனிதக் குரல் சுவர் தாண்டி வரும் அந்த சரிகமதான். சேர்வராயன் மலையே காதைப் பொத்திக்கொள்ளும் சுருதி. ஆனாலும் பள்ளி லீவு விட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பள்ளி பிழைத்துவிட்டது. ஆனால் வரும் ஞாயிறு ஹால் நிறைய நாற்காலி இருக்கும், ரசிகன் நான் ஒருவன்தான். அத்தனை பிள்ளைகளுக்கும் என் ரெண்டு கைதான் தட்டியாக வேண்டும்.

ஞாயிறு கடை திறக்காதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டிக்கெட் தீர்ந்துவிட்டது, கையை மட்டும் கொண்டு வாருங்கள்.