திறக்காமலே தீர்ப்பு வாங்கிய ஹோம் தியேட்டர்

எங்கள் ஹோம் தியேட்டரின் பின்பக்க ஸ்க்ரூ மேல், ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த குங்குமப் பொட்டு அப்படியே காய்ந்து இருந்தது. தறிக்குப் பொட்டு வைத்தால் வீட்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் வைப்போம்.

திருப்பதியில் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்து ஒரு வாரம் கழித்து வாங்கப் போனேன்.

"முழுசா தெறந்து பார்த்துட்டேம்மா. போர்டு எரிஞ்சிப்போச்சி. பழைய மாடலு, பார்ட்ஸ் வர்றதில்ல. புது சவுண்ட்பார் எடுத்துக்கினு போ" என்றார் கடைக்காரர்.

பவர்லூம் சத்தத்தில் நைனாவுக்குக் காது மந்தம். ஹோம் தியேட்டர் ஓடினால்தான் எங்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பார். இந்த ஒரு வாரமாகச் சாப்பிட்டதும் தனியாகப் போய்ப் படுத்துவிடுகிறார். அதனால் புதியதே வாங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் அந்தப் பொட்டு?

கடைகளில் வாயே திறக்காத நான், கேட்டுவிட்டேன். "அண்ணா, ஸ்க்ரூ மேல வச்ச பொட்டு கலையவே இல்லையே. எப்பிடி தெறந்தீங்க?"

"ஓஹோ, எஞ்சினியரம்மா வந்துக்கிறாங்க. எந்த காலேஜி?"

நான் ஒன்பதாவதோடு நின்றவள்.

அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டார். அந்த எச்சிலாலேயே பொட்டைத் தேய்த்து அழித்தார். "இப்போ பொட்டு இல்ல. தெறந்தாச்சி, சரியா?" என்று சிரித்தார்.



தொட்டே பார்க்காமல் உயிர் போய்விட்டது என்று சொல்கிற இப்படிப்பட்ட வைத்தியர்கள் உங்கள் ஊரிலும் இருக்கிறார்களா?

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்கு வந்தேன். "என் எதிர்லயே தெறங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.